மிகைப் பரப்பு எங்கே போகும்?

வட அமெரிக்காவிலும் பிரான்சிலும் வீட்டுத் தோட்டத்தில் நீச்சல் குளம் அமைப்பவர்கள் பலர் டைல்ஸ் பதிப்பதில்லை. குழி தோண்டிச் சுவர் எழுப்பி, தரையை மணலாலோ சிமெண்ட் கலவையாலோ மட்டப்படுத்தி, உள்ளே ஒரு வினைல் விரிப்பை இறக்கிவிடுகிறார்கள். லைனர் என்பது அதன் பெயர். அமெரிக்காவில் அரை மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டர் வரையிலான தடிமனில் கிடைக்கிறது; பிரான்சில் முக்கால் மில்லிமீட்டர்தான் வழக்கம். தொழிற்சாலையிலேயே தரைக்கும் சுவருக்கும் உரிய துண்டுகளை வெப்பத்தால் ஒட்டி, குளத்தின் வடிவிலேயே ஒரே உருப்படியாக அனுப்புகிறார்கள். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் உள்ள குளத்துக்கு அதன் எடை சுமார் 60 கிலோ. சுவரின் மேல் விளிம்பில் ஓடும் காடியில் விரிப்பின் ஓரத்தைச் செருகி, தண்ணீர் விட்டால் வேலை முடிந்தது. ஆனால் தண்ணீர் நிரம்பித் தெளிந்த பிறகு தரையில் விரல் தடிமனுக்கு ஒரு மடிப்பு நீளமாகக் கிடப்பதைப் பார்க்கும் வீட்டுக்காரருக்கு வயிறு எரிகிறது. விரிப்பு மட்டமானது என்று அவர் நினைக்கிறார். போட்டவர் கைவேலை சரியில்லை என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். இரண்டும் சில வேளை உண்மையாக இருக்கலாம். அடிப்படைக் காரணம் வேறு. மூடவேண்டிய இடத்தைவிட மூடும் பரப்பு சற்றே கூடிவிட்டது. அந்த மிகுதி எங்காவது போயாக வேண்டும். எங்கே போகிறது என்பது தண்ணீர் ஒரு சாண் உயரும் முன்பே முடிவாகிவிடுகிறது. சுருக்கத்தை நீக்கும் முறைகளில் எது பலிக்கும், எது பலிக்காது என்பதை இந்த ஒரு செய்தியை வைத்தே கணித்துவிடலாம்.

மிகுதி என்று சொல்வது எவ்வளவு சிறியது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2 செ.மீ. உயரத்துக்கு ஒரு மடிப்பு நிற்கிறது என்றால், அதன் இரண்டு பக்கமும் சேர்த்து 4 செ.மீ. விரிப்பு அதில் அடங்கியிருக்கிறது. 8 மீட்டர் நீளத்தில் இது இருநூற்றில் ஒரு பங்கு. தரையின் சரிவு வரைபடத்தில் உள்ளதைவிடக் கொஞ்சம் குறைந்தாலே போதும், இந்த 4 செ.மீ. வந்துவிடும். விரிப்பை இறக்கும்போது ஒரு பக்கமாக ஒரு கையகலம் தள்ளிப் போட்டாலும் வந்துவிடும். அப்போது மொத்தப் பரப்பில் மிகுதி இல்லாவிட்டாலும் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்துபோகிறது. இதோடு குளத்தின் வடிவமும் சேர்ந்துகொள்கிறது. 1827-இல் ஜெர்மானியக் கணித மேதை கவுஸ் நிறுவிய தேற்றத்தின்படி, தட்டையான தாள் ஒன்றை நீட்டாமலும் சுருக்காமலும் இரு திசையிலும் வளைந்த பரப்பின்மேல் படியவைக்க இயலாது. செவ்வகக் குளத்தின் சுவரும் தரையும் தட்டை. அங்கே கவுஸ் தொல்லை தருவதில்லை. வளைந்த சுவர் மட்டும் என்றாலும் தாள் அதைச் சுற்றிக்கொள்ளும். வளைந்த சுவர் குழிவாகத் தரையைத் தொடுகிறதே, அந்த இடம்தான் இரு திசையிலும் வளைந்தது. சிறுநீரக வடிவக் குளங்களின் ஓரங்களிலும் உட்படிக்கட்டுகளின் மூலைகளிலும் சுருக்கங்கள் கூடுவது இதனால்தான். எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் அங்கே விரிப்பு நீண்டுகொடுத்தே ஆக வேண்டும்.

மிகுதியான விரிப்பு ஏன் தன்னுள்ளேயே அமுங்கிக்கொள்ளாமல் மேலே எழும்புகிறது? மெல்லிய கம்பியோ தகடோ அமுக்கினால் நெளிவது ஏன் என்பதற்குக் கணக்கு எழுதியவர் ஆய்லர், ஆண்டு 1744. அவர் வழியில் முக்கால் மில்லிமீட்டர் வினைலுக்குக் கணக்கிட்டால் வரும் எண்கள் வியப்பானவை. ஒரு மீட்டர் அகலமுள்ள விரிப்பை இருநூற்றில் ஒரு பங்கு அமுக்க வேண்டுமானால் கிட்டத்தட்ட 4 கிலோ எடையின் விசை வேண்டும். அதே விரிப்பில் 10 செ.மீ. நீளத்தை நெளியவைக்க 35 கிராம் எடையின் விசையே போதும். நூறு மடங்கு வித்தியாசம். எளிய வழி திறந்திருக்கும்போது பொருள் கடினமான வழியைத் தேடிப் போவதில்லை, அது நெளிகிறது. வளைவை எதிர்க்கும் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கமாக உயர்வதால், முக்கால் மில்லிமீட்டர் விரிப்பு அரை மில்லிமீட்டர் விரிப்பைவிட மூன்று மடங்குக்கும் மேல் விறைப்பானது. தடித்த விரிப்பு வாங்கினால் சுருக்கமே வராது என்று விற்பவர்கள் சொல்வதற்கு இது ஆதாரம் ஆகாது. மிகுதி அப்படியே இருக்கும். பல சிறு நெளிவுகளாகத் தோன்றாமல், பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் தோன்றும்.

சுருக்கம் ஓடும் திசையைப் படிக்கத் தெரிந்தால் காரணத்தில் பாதி தெரிந்துவிடும். விமானங்களின் மெல்லிய உலோகத் தகடுகள் பாரம் ஏறும்போது சாய்கோட்டில் நெளிவதை ஆஸ்திரியப் பொறியாளர் ஹெர்பர்ட் வாக்னர் 1929-இல் ஆராய்ந்து எழுதினார். நெளிந்த தகடு உடைந்துவிடவில்லை. நெளிவின் நெடுக்கில் இழுவிசையைத் தாங்கிக்கொண்டு வேலை செய்கிறது என்று காட்டினார். குளத்தின் சுவரில் சாய்கோடாகச் சுருக்கம் ஓடினால், விளிம்பு காடியில் ஒரு பக்கமாக நகர்ந்து செருகப்பட்டிருக்கிறது, விரிப்பின் மூலை குளத்தின் மூலையில் உட்காரவில்லை என்று பொருள். சென்னை ஐஐடியில் பொறியியல் படித்து இன்று ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் எல். மகாதேவனும், சிலி நாட்டின் என்ரிகே செர்தாவும் 2003-இல் சுருக்கங்களுக்குப் பொதுவான ஒரு விதியை வெளியிட்டார்கள். இழுத்துப் பிடித்த மெல்லிய தாளில் சுருக்கங்கள் இழுவையின் திசையிலேயே ஓடும். இழுவை கூடக்கூட அவற்றின் இடைவெளி குறுகும். ஆகவே ஒரு சுருக்கத்தைக் கண்டதும் அதன் நெடுக்கில் பிடித்து இழுப்பது வீண்வேலை. இழுவை வேண்டியிருப்பது குறுக்கே.

இவ்வளவு எதற்கு, தண்ணீரின் பாரம் எல்லாவற்றையும் அமுக்கிவிடாதா என்று கேட்கத் தோன்றும். வீட்டுக்காரர்கள் மட்டும் அல்ல, அவசரத்தில் இருக்கும் பணியாளர்களும் இதையே சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்துவிடுகிறார்கள். தண்ணீர் ஒரு பரப்பை அதற்குச் செங்குத்தாகவே அழுத்தும். மேலிருந்து கீழே மட்டும் அழுத்துவதில்லை. தரையோடு படிந்த விரிப்பைத் தரையோடு சேர்த்து அழுத்துகிறது. எழும்பி நிற்கும் மடிப்புக்கோ இரண்டு பக்கமும் தண்ணீர். இரு பக்கத்திலிருந்தும் சம அழுத்தம் வந்து, உள்ளிருந்த காற்றை வெளியேற்றி, மடிப்பின் இரண்டு சுவர்களையும் ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. அகலமாக, மென்மையாக இருந்த அலை ஒடுங்கிக் கூர்மையான மடிப்பாகிறது. குப்பை நிரப்பும் பள்ளங்களின் அடியில் விரிக்கும் தடித்த பாலிஎத்திலீன் தாள்களில் இதை ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மேலே பாரம் ஏற்றிய பிறகும் அலைகள் மறையவில்லை. உயரம் ஓரளவு குறைந்து, அகலம் அதைவிட அதிகமாகக் குறைந்தது. பாரத்தால் பரப்பைக் குறைக்க முடியாது.

மடிப்பை அழிக்க முடியாத தண்ணீர் இன்னொரு காரியத்தைச் செய்துவிடுகிறது: விரிப்பை அந்தந்த இடத்தில் பூட்டிவிடுகிறது. என் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது, ஆகவே கணக்கை விரித்துப் போடுகிறேன். முக்கால் மில்லிமீட்டர் விரிப்பு 5 சதவீதம் நீண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் அகலத்துக்கு அதன் இழுவிசை ஏறத்தாழ 38 கிலோ எடைக்குச் சமம். பக்கத்தில் தளர்ந்து கிடக்கும் பகுதியைத் தன்பால் இழுத்துச் சுருக்கத்தை விழுங்கக்கூடிய விசை இதுதான். எதிர்த்து நிற்பது தரையின் உராய்வு. அழுத்தத்தில் பாதி உராய்வாகிறது என்று கொண்டால், 5 செ.மீ. தண்ணீரில் ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ எடையளவு உராய்வு. 38-ஐ 25-ஆல் வகுத்தால், அந்த இழுவை ஒன்றரை மீட்டர் தொலைவு வரை விரிப்பை நகர்த்தும். தண்ணீர் 1.2 மீட்டர் ஏறியதும் உராய்வு 600 கிலோ. இழுவை எட்டும் தொலைவு 6 செ.மீ. ஆழமான பக்கத்தில் 2.4 மீட்டரில் 3 செ.மீ.தான். வெறும் விரிப்பு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோகூட இல்லை; 1.2 மீட்டர் தண்ணீர் 1,200 கிலோ. தண்ணீர் நிரம்பிய குளத்தில் விரிப்பைக் கையால் நகர்த்தப் பார்ப்பது, பீரோவை ஏற்றிவிட்ட பிறகு அடியில் இருக்கும் பாயின் சுருக்கத்தை இழுத்துச் சரிசெய்ய முனைவதுதான். வினைலின் விறைப்பும் தரையின் சொரசொரப்பும் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் இந்த எண்களைத் துல்லியமானவை என்று கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்றரை மீட்டருக்கும் 6 செ.மீ.க்கும் இடையே உள்ள இடைவெளி அந்த ஐயங்கள் அனைத்தையும்விடப் பெரியது.

விரிப்புக்குப் பின்னாலுள்ள காற்றை உறிஞ்சும் வழக்கம் ஏன் இத்தனை பலன் தருகிறது என்பது இப்போது புலப்படும். விளிம்பைச் செருகியதும், சுவருக்கும் விரிப்புக்கும் இடையே ஒரு குழாயை நுழைத்து, இடுக்குகளை அடைத்து, பெரிய வாக்குவம் கிளீனரை ஓடவிடுகிறார்கள். வெளிக்காற்று விரிப்பைத் தரையோடும் சுவரோடும் அமுக்குகிறது. ஒரு கிலோபாஸ்கல் வேறுபாடு என்பது 10 செ.மீ. தண்ணீருக்குச் சமம். தண்ணீர் வந்தால் விரிப்பு எப்படி உட்காரும் என்பதை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமலே பார்த்துவிடலாம். சுருக்கம் தெரிந்தால் பொறியை நிறுத்து, விரிப்பு தளரும், காடியிலிருந்து விளிம்பை எடுத்து ஒரு கையகலம் நகர்த்து, மீண்டும் ஓடவிடு. எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப வரலாம் என்பதே இதன் சிறப்பு. தண்ணீர் விட்ட பிறகு அந்த வசதி இல்லை. ஆழம் குறைந்த பக்கத்தில் தண்ணீர் சுமார் ஒரு சாண் ஏறும்வரை பொறியை நிறுத்தாமல் வைத்திருப்பதும் நியாயமே: அதற்குள் தண்ணீர் பூட்டும் வேலையைத் தானே ஏற்றுக்கொள்கிறது. அந்தக் கடைசி நேரத்தில் வெறுங்காலால் நடுவிலிருந்து சுவரை நோக்கித் தேய்த்து நகர்த்துவது அற்பமாகத் தோன்றலாம். இரண்டு விரல் ஆழத் தண்ணீரில் பாதம் தருகிற அந்தச் சிறு விசை, மறுநாள் எந்தக் கருவியாலும் தர முடியாதது.

வெப்பத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. வினைல் தன் இயல்பில் கடினமான பிளாஸ்டிக். தண்ணீர்க் குழாய் ஆவதும் அதுவேதான். 1926-இல் அமெரிக்க வேதியியலாளர் வால்டோ சீமன் அதை இளக்கும் வழியைக் கண்டார். இன்றைய லைனர்களின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அப்படி இளக்கும் எண்ணெய்ப் பொருள்கள்தான். அவை இருப்பதால் வெயிலில் விரிப்பு குழைந்து நீள்கிறது; குளிரில் விறைத்துக்கொள்கிறது. வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் பத்தாயிரத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கு வரை விரிகிறது. 20 டிகிரி வித்தியாசத்தில் 8 மீட்டர் விரிப்பு ஒன்றரை முதல் மூன்று செ.மீ. வரை மாறும், மேலே கண்ட மடிப்புக்கு இதுவே கிட்டத்தட்டப் போதும். வெயில் நாளில் சூடான விரிப்பைப் போட்டுக் குளிர்ந்த தண்ணீர் விட்டால் அது சுருங்கி இறுகும். குளிர்நாளில் விறைத்த விரிப்பைப் போட்டுவிட்டு, பிறகு குளத்து நீரைச் சூடாக்கினால், பூட்டப்பட்ட இடத்திலேயே விரிந்து நெளியும். விரிப்பைப் பெட்டியில் மடித்து அனுப்பியதால் உண்டான மடிப்புத் தடங்களை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவற்றில் மிகுதிப் பரப்பு இல்லை. பொருள் அந்த வளைவுக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவே. சூடும் நாட்களும் அவற்றைத் தாமாகவே நீக்கிவிடும். கையால் அழுத்தியதும் தட்டையாகி, பக்கத்தில் எங்கும் எழும்பாமல் இருந்தால் அது தடம். வேறிடத்தில் எழும்பினால் அது சுருக்கம்.

அப்படியானால் விரிப்பை இன்னும் சிறிதாகச் செய்து, எப்போதும் இறுக்கமாகவே இழுத்துப் போட்டுவிடலாமே? ஓரளவுக்கு அதைத்தான் செய்கிறார்கள். லைனர்களைக் குளத்தின் அளவைவிடச் சற்றுச் சிறிதாகவே வெட்டுகிறார்கள். அதற்கு மேல் போவதில் இரண்டு தடைகள். இழுவை எங்கும் சமமாகப் பரவாது. மூலைகளிலும் குழிவுகளிலும் படிக்கட்டின் விளிம்பிலும் குவிந்து, அங்கே விரிப்பு மெலியும், ஒட்டுகள் சோதனைக்கு உள்ளாகும், காடியிலிருந்து விளிம்பு நழுவி வரும். இரண்டாவது, இளக்கிய வினைல் நெடுநாள் இழுவையில் தளர்ந்துகொடுக்கும் பொருள். முதல் நாள் இருந்த இழுவிசை பிறகு இருப்பதில்லை. அந்தத் தளர்வு ஒரு வகையில் நன்மை. நீட்டிய வடிவத்திலேயே அது நிலைத்துவிடுகிறது. சுருக்கம் இல்லாத தொடக்கத்தைப் பெற்றுத் தருவதே இழுவையின் வேலை. ஆண்டுக்கணக்கில் விரிப்பை இறுக்கிப் பிடித்திருக்க அதால் ஆகாது.

தண்ணீர் நிறைந்த பிறகும் பலிக்கும் முறை ஒன்று உண்டு, அது கழிப்பறை அடைப்பெடுக்கும் ரப்பர் கிண்ணம். புதிய கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டு குளத்தில் இறங்கி, சுருக்கத்துக்குப் பக்கத்தில் தரையில் பதித்து மேல்நோக்கி இழுத்தபடி பக்கவாட்டில் நகர்த்துகிறார்கள். கேட்டால் நம்பிக்கை வராது. கணக்கு அதை ஆதரிக்கிறது. கிண்ணத்துக்கு அடியில் அழுத்தம் குறைந்தால் அந்த வட்டத்துக்குள் உராய்வு மறைகிறது. 15 செ.மீ. விட்டமுள்ள கிண்ணத்தில், 1.2 மீட்டர் ஆழத்து நீரின் அழுத்தத்தை ஈடுசெய்ய சுமார் 21 கிலோ எடையின் விசையில் இழுக்க வேண்டும். தரையில் கால் ஊன்றி நிற்பவரால் அது முடியும். 2.4 மீட்டர் ஆழத்தில் 42 கிலோ வேண்டும். அங்கே ஊன்றிக்கொள்ளக் காலுக்குத் தரை எட்டாது. ஆழம் குறைந்த பக்கத்தில் இம்முறையைப் புகழ்பவரும், ஆழத்தில் முயன்று ஏமாற்று என்று சொல்பவரும் சொல்வது தத்தம் அளவில் சரிதான். பலிக்கும் இடத்திலும் ஒரு தடவைக்கு ஒரு வட்டம், சில மில்லிமீட்டர் நகர்வு. மடிப்பின் நெடுக்கில் பல முறை செய்து, மிகுதியை நாலா பக்கமும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பங்கிட வேண்டும். சிறிய சுருக்கத்துக்கு இது போதும், 4 செ.மீ.யை விழுங்கிய மடிப்புக்குப் போதாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி இருக்கிறது: சுருக்கத்தால் தண்ணீர் கசியப்போவதில்லை, நீந்துவதற்கும் தடையில்லை, அதை ஏன் துரத்த வேண்டும்? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். கால் தடுக்காத இடத்தில் கிடக்கும் சிறு சுருக்கத்தை விட்டுவிடுவதுதான் பல வேளைகளில் சரி. இருந்தும் மடிப்பின் இடுக்கில் பாசி தங்கும், தூரிகை எட்டாது. சுத்தம் செய்யும் கருவி அதன் முகட்டிலேயே திரும்பத் திரும்ப உரசும். தேய்ந்து துளை விழுந்தால் நட்டம் மற்ற இடத்தைவிட அதிகம். குப்பைப் பள்ளத் தாள்களில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின, குறிப்பாகக் கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் கெர்ரி ரோ செய்தவை: தட்டையாகப் படிந்த தாளின் துளையைவிட அலையின் மேலுள்ள துளையில் பல மடங்கு நீர் வெளியேறுகிறது, ஏனெனில் அலையின் அடியிலுள்ள வெற்றிடம் கால்வாயாகி நீரைப் பரப்புகிறது. தமிழ்நாட்டில் பண்ணைக் குட்டைகளுக்கும் கடலோர இறால் குளங்களுக்கும் விரிக்கும் கறுப்புப் பாலிஎத்திலீன் தாள்களுக்கும் இதே இயற்பியல்தான். நண்பகல் வெயிலில் அந்தத் தாள் காற்றைவிட மிகவும் சூடாகி அலையலையாக எழும்புகிறது. விடியற்காலையில் தானே தட்டையாகிறது. மண் போட்டு மூடுவதையும் தண்ணீர் விடுவதையும் அந்தக் குளிர்ந்த வேளைக்கு ஒத்திவைப்பது செலவில்லாத திருத்தம். வினைல் குளத்துக்கு வெயில் நாளைத் தேர்ந்தெடுப்பதற்கு இது முரணாகத் தோன்றும். வினைலைச் சிறிதாக வெட்டி நீட்டிப் போடுகிறார்கள், ஆகவே அது குழைந்திருக்க வேண்டும். பாலிஎத்திலீனை நீட்டுவதில்லை, விரித்துப் போடுகிறார்கள், ஆகவே அது மிகையாக விரிந்திருக்கும் வேளையில் பூட்டக் கூடாது.

பெரிய மடிப்பு, அதுவும் படிக்கட்டின் அடியில் கால் படும் இடத்தில் என்றால், தண்ணீரை இறக்கத்தான் வேண்டும். 8 மீட்டர் குளத்தில் 45,000 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் இருக்கும்; முழுவதையும் இறைக்கத் தேவையில்லை. சுருக்கம் உள்ள இடத்தில் தண்ணீர் சில சென்டிமீட்டராகக் குறைந்தாலே உராய்வின் பூட்டு திறந்துவிடும். முழுக்க இறைப்பதால் வேறு தொல்லைகள் உண்டு. தண்ணீரின் எதிரழுத்தம் இல்லாத சுவர்களை வெளிமண் உள்ளே தள்ளும். நிலத்தடி நீர்மட்டம் குளத்தின் தரையைவிட உயர்ந்திருந்தால் விரிப்பையே தூக்கிவிடும். ஆகவே இறைக்கும் முன் பக்கத்தில் ஒரு சிறு குழி தோண்டி நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்ப்பது கட்டாயம். முதல் நாள் தட்டையாக இருந்து, சில மாதங்கள் கழித்துத் தோன்றும் சுருக்கம் என்றால் இந்த வழியே வேண்டாம். பெருமழைக்குப் பிறகு தோன்றியிருந்தால் நிலத்தடி நீர் விரிப்பைத் தூக்கி வேறிடத்தில் இறக்கியிருக்கும். வடிகால் அமைக்காமல் விரிப்பை மட்டும் சரிசெய்தால் அடுத்த மழையில் திரும்பிவிடும். மழையில்லாத காலத்தில், தரை முழுவதும் சிறுசிறு நெளிவுகளாகத் தோன்றியிருந்தால், தண்ணீரின் பிஎச் அளவைப் பார்க்க வேண்டும். 7.2-க்கும் 7.8-க்கும் இடையே இருக்க வேண்டிய அது 7-க்குக் கீழே நெடுநாள் இறங்கியிருந்து, குளோரினும் அளவுக்கு மேல் இருந்தால், வினைல் நீரை உறிஞ்சி உப்புகிறது. போட்டபோது சரியாக இருந்த பரப்பு வேதியியலால் கூடிவிட்டது. அதைக் காலாலும் கிண்ணத்தாலும் குறைக்க முடியாது. நீரின் அளவைச் சரிசெய்து, அதற்கு மேல் கூடாமல் காப்பது ஒன்றே செய்யக்கூடியது.